முயலின் ஈரலும் நரியின் வெல்லமும்

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தால் வானமே தெரியாத பெருங்காடு என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படியெல்லாம் இல்லை, பிள்ளைகளே. ஆவாரையும் சூரைமுள்ளும் மண்டிக் கிடந்த புதர்க்காடுதான் அது. அதன் ஓரத்தில் கரும்புத் தோட்டம். தோட்டத்து மூலையில் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகை. கொட்டகை வாசலில் இரண்டு நாய்கள். இந்த நாய்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அந்தக் காட்டில் தும்பை என்றொரு பெண்முயல் இருந்தாள். கவலைப்படுவதுதான் அவளுக்கு வேலை. இலை அசைந்தால் கவலை, அசையாவிட்டால் அதைவிடக் கவலை. அவளுடைய புருஷன் பெயர் துடியன். ஓட்டத்தில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், இரண்டு காதையும் விறைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவான்.

முயல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டால் முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள், நான் சொல்லத்தான் போகிறேன். மற்ற நேரத்தில் முயல் போடும் காய்ந்த புழுக்கை வேறு. விடிந்ததும் மெத்தென்று ஈரமாக ஓர் உருண்டை வரும், அது வேறு. அதை முயல் கீழே விழ விடாது. அப்படியே வாயில் வாங்கி விழுங்கிவிடும்.

ஏன் தெரியுமா? முயலின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிர்கள் கோடி கோடியாகக் குடியிருக்கின்றன. உங்கள் வயிற்றிலும்தான், சிரிக்காதீர்கள். வெறும் புல்லையும் பட்டையையும் முயலால் தனியாகச் செரிக்க முடியாது. அந்தக் குட்டி உயிர்கள்தான் அதைப் பக்குவம் பண்ணிச் சத்தாக்கிக் கொடுக்கின்றன. அந்தச் சத்தும், அந்த உயிர்களில் ஒரு கூட்டமும் அந்த உருண்டையில் இருக்கும். முயல்கள் அவற்றுக்கு 'வயிற்றுக்காரர்கள்' என்று பெயர் வைத்திருந்தன. "வயித்துக்காரங்களைக் கவனிச்சாச்சா?" என்றுதான் காலையில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்.

அதே காட்டில் ஒரு நரியும் இருந்தது. துடியனைப் பிடிக்க அது எத்தனையோ தடவை ஓடிப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் வாயில் புழுதிதான் மிச்சம். கடைசியில் ஓடுவதை விட்டுவிட்டு யோசிக்க உட்கார்ந்தது.

ஒருநாள் விடியற்காலையில் அது புதருக்கு எட்டவே வந்து உட்கார்ந்தது. வாயிலிருந்து ஒரு வெல்லக்கட்டியைக் கீழே வைத்தது. ஆலையில் பாகு காய்ச்சும் கொப்பரையை வழித்துக் கொட்டிய இடத்தில் பொறுக்கிய கட்டி அது.

"பயப்படாதே தங்கச்சி. இனிமே நான் உன் கூடப்பிறந்த அண்ணன். துடியன் எனக்கு மாப்பிள்ளை. இப்படி ஒரு ஓட்டக்காரனை இவ்வளவு நாளா விரட்டிட்டிருந்தேனேன்னு எனக்கே வெட்கமா இருக்கு" என்றது.

தும்பை புதருக்குள் பின்வாங்கினாள். துடியனுக்கோ காது இரண்டும் விறைத்துவிட்டன.

சரியாக அந்த நேரம் பார்த்துத் துடியனுக்கு உருண்டை வந்தது. குனிந்து வாயில் வாங்கப் போனான்.

"சீச்சீ! என்ன மாப்ளே, என்ன காரியம் பண்றே?" என்று நரி துள்ளி எழுந்தது. "போயும் போயும் இதையா வாயில போடுறது? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? இந்தா, மனுஷங்க திங்கிற வெல்லம். தின்னு பாரு."

துடியன் கூனிக் குறுகிப் போனான். உருண்டையைக் கீழே விட்டான். வெல்லத்தை எடுத்துக் கடித்தான். அடடா, அந்த ருசி! முயலாகப் பிறந்து அப்படி ஒரு ருசியை அவன் கண்டதே இல்லை.

மறுநாள் காலையில் தும்பை கேட்டாள். "என்னங்க, வயித்துக்காரங்களைக் கவனிக்கலையா?"

"வெளியில வெச்சு அதையெல்லாம் கேட்காதே. மானம் போகுது" என்று சிடுசிடுத்தான் துடியன்.

அன்றிலிருந்து நரி தவறாமல் வந்தது. வெல்லமும் வந்தது. புல் கசந்தது, பட்டை நாராக நெருடியது. துடியன் இரண்டையும் தொடுவதில்லை. அவன் வயிற்றுக்குள் இருந்த நல்ல குடித்தனக்காரர்களுக்கு நாரும் இல்லை, புல்லும் இல்லை. பட்டினி கிடந்து அவர்கள் ஒவ்வொருவராக அழிந்துபோனார்கள். காலியான இடம் சும்மா இருக்குமா? இனிப்பைக் கண்டால் பெருகுகிற வேறொரு கூட்டம் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வெல்லத்தைப் புளிக்க வைத்துச் சாராயம் மாதிரி ஏதோ ஒன்றை அங்கேயே வடிக்கவும் ஆரம்பித்துவிட்டது.

வயிற்றில் எது நடந்தாலும் அது முதலில் போய் நிற்கிற வாசல் ஈரல்தான். பாவம், அது என்ன செய்யும்? வந்த நஞ்சோடு மல்லுக்கட்டியது. வந்த இனிப்பையெல்லாம் கொழுப்பாக்கித் தனக்குள்ளேயே அடுக்கி வைத்தது. அடுக்கி அடுக்கி வீங்கிப் போனது.

இதெல்லாம் உள்ளே நடந்தது. வெளியே இருந்த தும்பைக்குத் தெரிந்தது வேறு. துடியன் தூங்கி வழிந்தான். நாலு தாவு தாவினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் படர்ந்திருந்தது. அவன் தூங்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா, வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"உடம்பு பூசினாப்பல இருக்கேன்டி. நல்லாத்தானே இருக்கேன்?" என்பான் அவன்.

"நல்லாத்தான் இருக்கீங்க" என்பாள் அவள். வேறென்ன சொல்வது?

ஒரு மத்தியானம் ஆலை நாய்கள் இரண்டும் புதர்ப் பக்கம் வந்துவிட்டன. துடியன் ஓடினான். ஓடினான் என்று சும்மா சொல்கிறேன், உருண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். நாய் வாயைத் திறந்து குனிந்தேவிட்டது. புதருக்குள்ளிருந்து தும்பை "ஐயோ!" என்று அலறினாள்.

அந்த நொடியில் நரி எங்கிருந்தோ பாய்ந்து வந்து நாய்களுக்குக் குறுக்கே ஓடியது. நாய்கள் முயலை விட்டுவிட்டு நரியைத் துரத்திக்கொண்டு போயின. நரி வளைந்து நெளிந்து அவற்றை ஏமாற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

"பார்த்தியாடி! மச்சான் உசிரைப் பணயம் வெச்சு என்னைக் காப்பாத்தியிருக்காரு!" என்று துடியன் கண்கலங்கினான்.

தும்பை மட்டும் நரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிய வாயோடு நரி துடியனிடம் போனது. "அடி ஏதும் படலையே மாப்ளே? எங்கே, வலது விலாவைக் காட்டு" என்று முன்காலால் விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தியது. எச்சிலை ஒரு தடவை விழுங்கியது.

"இன்னும் முத்தணும்" என்று முணுமுணுத்தது.

அது தும்பையின் காதில் விழுந்துவிட்டது. முற்றுவது சுரைக்காய். முற்றுவது கத்தரிக்காய். என் புருஷன் எப்படி முற்றுவான்? வலது விலாவுக்குக் கீழே இருப்பது ஈரல் அல்லவா?

நரி போனதும் அவள் துடியனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்! உசிரைக் காப்பாத்தினவரைப் போய்..."

"சரிங்க. நான் பயந்தாங்கொள்ளியாவே இருந்துட்டுப் போறேன். அந்த ஆவாரம் புதர் வரைக்கும் ஒரே ஒரு ஓட்டம் ஓடிக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கலை."

துடியன் விறைப்பாகக் கிளம்பினான். பாதி வழியில் நின்றான். உட்கார்ந்தான். வெகுநேரம் திரும்பிப் பார்க்கவே இல்லை. தும்பை பக்கத்தில் போனபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

"தும்பை, எனக்கு ஓட வரலைடி."

அவளுக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் இரண்டு பேரும் உட்கார்ந்து அழ நேரம் இல்லை.

"உங்க வயித்துக்காரங்க பட்டினியில போய்ச் சேர்ந்துட்டாங்க. உள்ள இருக்கிறதெல்லாம் வெல்லம் தின்னு கொழுத்த களவாணிக் கூட்டம். புல்லைத் தின்னாலும் அதைப் பக்குவம் பண்ண உங்ககிட்ட ஆள் இல்லை. என்கிட்ட இருக்காங்க."

"அதுக்கு?"

"நாளைக்குக் காலையில என் உருண்டையை நீங்க சாப்பிடணும்."

துடியன் பதறிப்போனான். "உன்னோடதையா? என்னோடதையே வேண்டாம்னு விட்டவன்டி நான்! நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அந்த நாலு பேர் உங்களைப் பார்க்க வரணுமா, தூக்கிட்டுப் போக வரணுமா? நீங்களே சொல்லுங்க."

மறுநாள் விடிந்ததும் துடியன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாப்பிட்டான். பிறகு புல். பிறகு பட்டை. வயிறு கடாமுடா என்று இரைந்தது. குடலைப் பிடித்து முறுக்கியது போல வலித்தது. தும்பை அவன் விலாவை நக்கிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். புதுக் குடித்தனக்காரர்கள் உள்ளே தங்குவார்களா, பழைய கூட்டம் விரட்டிவிடுமா என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு பயம் அதைவிடப் பெரியது. உடம்பு தேற நாளாகும். அதுவரை நரி சும்மா இருக்குமா?

தும்பை ஒரு முடிவுக்கு வந்தாள். நரி வருகிற வழியிலேயே போய் நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நரியைப் பார்க்க அவளாகப் போகிறாள். உடம்பு உதறியது, அதை மறைக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, எனக்கு எல்லாம் தெரியும்."

நரியின் கண் சுருங்கியது. "என்ன தெரியும்?"

"இன்னும் முத்தலைன்னு தெரியும்."

நரி ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தது. தும்பை ஓடாமல் நின்றாள்.

"எனக்கு இருக்கிறது ஒரு உசிர்தான் அண்ணே. அவரை எடுத்துக்குங்க. என்னை விட்டுடுங்க. நானே அவரைக் கொழுக்க வெச்சுத் தர்றேன்."

நரி விழுந்து விழுந்து சிரித்தது. ஊரில் எல்லோரும் தன்னைப் போலத்தான் என்று அதற்கு எப்போதுமே எண்ணம். "அடி கெட்டிக்காரி! நீ பிழைச்சுக்குவே!" என்றது.

"ஆலையில கடைசிக் கொப்பரை இறங்குற அன்னைக்கு வரைக்கும் பொறுங்க. ஈரல் ததும்பி நிக்கும். ஆனா ஒரு சங்கடம். அவருக்கு இப்பல்லாம் தனியா இனிப்பு இறங்கமாட்டேங்குது. பக்கத்துல யாராவது ருசிச்சுத் தின்னாத்தான் அவரும் தின்கிறாரு. எனக்கு வெல்லம் ஆகாது."

"பூ, இவ்வளவுதானா! நான் தின்கிறேன். அண்ணன் எதுக்கு இருக்கேன்?"

அன்றிலிருந்து நரி இரண்டு கட்டியாகக் கொண்டுவந்தது. ஒன்றைத் துடியன் முன்னால் வைத்துவிட்டு மற்றதைத் தான் சப்புக்கொட்டித் தின்றது. தும்பை சொல்லிக்கொடுத்தபடி துடியன் முகவாய்க்குக் கீழே கட்டியை வைத்துக்கொண்டு வெறும் வாயை மென்றான். நரி கண்ணை மூடி ருசிக்கும்போது தும்பை அந்தக் கட்டியைப் பின்னங்காலால் எறும்புப் புற்றுக்குள் தள்ளிவிடுவாள்.

சொன்னால் சுலபமாக இருக்கிறது. அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒருநாள் துடியன் அந்த வாசனைக்கு ஆளாகி, யாரும் பார்க்கவில்லை என்று ஒரு நக்கு நக்கிவிட்டான். தும்பை அவன் காதை நறுக்கென்று கடித்தாள். "ஐயோ!" என்று கத்தினான்.

"என்ன மாப்ளே?" என்று நரி கண்ணைத் திறந்தது.

"விலாவுல வலிக்குது மச்சான்" என்றான் துடியன்.

நரி விலாவைத் தொட வந்தது. தும்பைக்கு உயிரே போய்விட்டது. வீக்கம் வடிய ஆரம்பித்திருந்ததே!

"தொடாதீங்க அண்ணே! தொட்டா உசிர் போறாப்பல துடிக்கிறாரு" என்று குறுக்கே விழுந்தாள்.

"அவ்வளவு வலியா? ரொம்ப நல்லது" என்றது நரி. உடனே, "அதாவது, ஐயோ பாவம்னேன்" என்று திருத்திக்கொண்டது.

இப்படியே கரும்புத் தோட்டம் வெட்டி வெட்டி ஒடுங்கிக்கொண்டு வந்தது. நரி எலி பிடிக்கப் போவதை விட்டுவிட்டது. நண்டுக்கு ஓடைப் பக்கம் போவதையும் விட்டது. வெல்லம் இருக்க அலைவானேன்? தின்றுவிட்டு ஆவாரை நிழலில் படுத்தால் சாயங்காலம் வரை குறட்டைதான். துடியன் அந்த நேரத்தில் ஓடிப் பழகினான். முதலில் பாதி வழி. பிறகு புதர் வரை. பழைய ஓட்டம் இன்னும் வரவில்லை. 'போதுமா, இது போதுமா' என்று தும்பையின் மனது கிடந்து அடித்துக்கொண்டது.

ஒருநாள் ஆலைப் புகை மெலிந்தது. அப்புறம் நின்றேவிட்டது. கடைசிக் கொப்பரை இறங்கிவிட்டது.

வெயில் சாயும்போது நரி வந்தது. இன்று அதன் வாயில் வெல்லம் இல்லை.

"தங்கச்சி, நீ தள்ளி நின்னுக்கோ. மாப்ளே, எழுந்திரு. வலது பக்கத்தைக் காட்டு."

துடியன் எழுந்தான். தும்பையைப் பார்த்தான். "ஓடுங்க!" என்று அவள் கத்தினாள்.

இரண்டு முயலும் பாய்ந்தன. நரி ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றது. பிறகு உறுமிக்கொண்டு விரட்டியது. ஆவாரம் புதர் வந்தது, தாண்டினார்கள். வெட்டி முடித்த கரும்புக் கட்டைகளுக்கு நடுவே ஓடினார்கள். துடியன் பின்தங்கினான். தும்பை திரும்பிப் பார்த்தாள். நரியின் பல் அவன் வாலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

துடியன் ஓடிக்கொண்டே இருந்தான். மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை.

நின்றது நரிதான். நாலு கால்களும் பின்னிக்கொள்ள, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கரும்புக் கட்டைகள் நடுவே பொத்தென்று உட்கார்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தது. உடம்பு தூக்கவில்லை. அதற்கு ஒன்றுமே புரியவில்லை.

"என்ன... என்னடி பண்ணினே என்னை?" என்று திணறியது.

தும்பை எட்ட நின்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணலை அண்ணே. கொண்டுவந்ததும் நீங்க, தின்னதும் நீங்க. வலது விலாவைத் தடவிப் பாருங்க."

நரி முன்காலால் தன் விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தது. மெத்தென்று வீங்கியிருந்தது. நன்றாக முற்றியிருந்தது.

அந்த இரண்டு நாய்களை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்தானே? ஆலை வேலை முடிந்துவிட்டது. காவல் காக்க வெல்லம் இல்லை. கொட்டகைப் பக்கமிருந்து அவை குரைத்துக்கொண்டு ஓடி வந்தன.

முயல்கள் புதருக்குள் மறைந்தன. பின்னால் கேட்ட சத்தத்தை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்தது. அறுத்த தோட்டத்தில் புல் தேடி காட்டில் உள்ள முயல்களெல்லாம் வந்திருந்தன. மயில்கள் வேலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. துடியனுக்கு உருண்டை வந்தது. அத்தனை பேர் நடுவிலும் குனிந்து வாயில் வாங்கி விழுங்கினான். பிறகு தும்பையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டான்.

"என்னடி, வயித்துக்காரங்களைக் கவனிச்சாச்சா?"

தும்பை பதில் சொல்வதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நீதி: நாக்குக்கு ருசி காட்டுகிறவனை நம்பி, வயிற்றுக்குள் நமக்காக உழைப்பவர்களைப் பட்டினி போடாதே.